நிறம் எங்கே இருக்கிறது? வண்ண உலோக நகை செய்யத் தொடங்குபவருக்கு

என் மேசையில் இரண்டு வளையங்கள் கிடக்கின்றன. இரண்டும் நீலம். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் எது எது என்று எனக்கே தெரியாது. ஒன்றின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் நீலம் அப்படியே மங்கி, அழுக்குச் சாம்பல் போல ஆகிவிடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால் பழைய நீலம் திரும்பி வரும். மற்றதில் எண்ணெய் தடவினால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதை ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி மாதக்கணக்கில் விட்டுவைத்தால் வெளுத்துப்போகும். எத்தனை முறை கழுவினாலும் திரும்பாது. முதலாவது டைட்டானியம், இரண்டாவது அலுமினியம்.

வண்ண உலோக நகை செய்யப் பழகுபவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கம்பி வாங்குவது, எந்தக் குறடு வாங்குவது என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நிறைய வளையங்களை வீணாக்கிய பிறகே, அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று புரிந்தது. இந்த நிறம் உலோகத்தில் எங்கே இருக்கிறது? மேலே பூசியதா, உள்ளே ஊறியதா, அல்லது நிறப்பொருள் என்று எதுவுமே இல்லாமல் ஒளி காட்டும் வேடிக்கையா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எதை வளைக்கலாம், எதைத் தேய்க்கக் கூடாது, எதில் கழுவலாம் என்பதையெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அலுமினியத்தில் இருந்து தொடங்கலாம். மலிவு, மென்மை, எடையும் குறைவு. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, வெள்ளியின் அடர்த்தி 10.5. ஒரே அளவில் ஒரு காதணியை இரண்டிலும் செய்தால் வெள்ளி ஏறத்தாழ நான்கு மடங்கு கனக்கும். தோள் வரை தொங்கும் காதணியைக் காது நோகாமல் அணிய முடிவது இதனால்தான்.

அலுமினியத்தின் மேல் எப்போதுமே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கிறது. காற்றுப் பட்ட உடனே அது தானாக உருவாகிவிடும், சில நானோமீட்டர் கனத்துக்கு. அந்தத் தோலை மின்சாரம் கொண்டு வேண்டுமென்றே தடிமனாக வளர்ப்பதுதான் அனோடைசிங். நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் அலுமினியத்தை நேர்மின்முனையாக மாட்டி நேர்மின்னோட்டம் செலுத்துகிறார்கள். நேர்மின்முனைக்கு ஆங்கிலத்தில் அனோடு என்று பெயர், பெயர்க்காரணம் அதுவே. அமிலம் ஒருபக்கம் ஆக்சைடைக் கரைத்துக்கொண்டே இருக்கும், மின்சாரம் மறுபக்கம் வளர்த்துக்கொண்டே இருக்கும். இந்த இழுபறியில் உருவாகும் படலம் முழுக்க நெட்டுக்குத்தான நுண்துளைகளாக, தேன்கூடு போல இருக்கிறது. ஒவ்வொரு துளையின் அகலமும் பத்து, இருபது நானோமீட்டர் அளவுதான். படலத்தின் மொத்தக் கனம் சாயம் ஏற்றும் வேலைகளில் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான்.

அடுத்து சாயத் தொட்டி. துளைகளுக்குள் சாயம் ஊறி இறங்குகிறது. அதன் பிறகு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் சூடான நீரில் முக்கி வைக்கிறார்கள். ஆக்சைடு தண்ணீரை ஏற்றுக்கொண்டு உப்புகிறது, துளைகளின் வாய் மூடிக்கொள்கிறது, சாயம் உள்ளே சிறைப்படுகிறது. வரிசை மாறினால் காரியம் கெட்டது: சாயம் ஏற்றுவதற்கு முன்பே கொதிநீரில் போட்டுவிட்டால் கதவு சாத்தப்பட்ட வீட்டுக்குள் யாரும் நுழைய முடியாது.

ஆக, அலுமினிய நகையின் நிறம் பூச்சு இல்லை. நகத்தால் சுரண்டினால் உரிந்து வராது. ஆனால் அது துணியில் ஏற்றிய சாயத்தின் உறவுக்காரன்தான். பெரும்பாலான சாயங்கள் கரிமச் சாயங்கள் என்பதால் வெயிலில் வெளுக்கும், சலவை வெளுப்பானிலும் வெளுக்கும். சாயத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆக்சைடுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். இந்த இரண்டாவது விஷயத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த முறை நகைக்காகப் பிறந்ததில்லை. 1923-இல் கடல் விமானங்களின் டூராலுமின் (ஒருவகை அலுமினியக் கலப்புலோகம்) பாகங்களை உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றவே முதலில் தொழில்முறையில் பயன்படுத்தினார்கள். அப்போது குரோமிக் அமிலம்; கந்தக அமில முறைக்கு 1927-இல் காப்புரிமை பெறப்பட்டது. கவசமாக வந்த ஒன்று அலங்காரமாக மாறிய கதை.

இதை வீட்டில் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கந்தக அமிலம், அதிலிருந்து எழும் ஹைட்ரஜன், நீர்மூழ்கிய மின்முனைகள், இத்தனையையும் தொடக்கத்திலேயே சமாளிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஏற்கெனவே சாயமேற்றிய வளையங்களையும் கம்பியையும் வாங்கி வேலையைத் தொடங்குவதே நல்லது.

டைட்டானியத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் தனிப் பிரியம். இங்கே சாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிறதே, அதே சங்கதி. இதையும் தொட்டியில் நேர்மின்முனையாக மாட்டி, டைட்டானியத்தின் மேல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஆக்சைடு படலம் ஒன்றை வளர்க்கிறோம். மேலே விழும் ஒளியில் ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பில் பட்டே திரும்புகிறது. மீதி உள்ளே போய் உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் வெளியே வந்து கலக்கும்போது சில அலைநீளங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, சில வலுப்பெறுகின்றன. மிச்சம் வருவதே நாம் பார்க்கும் நிறம். படலத்தின் கனம் மாறினால் எது அழியும் எது மிஞ்சும் என்பதும் மாறும், நிறமும் மாறும். அந்தக் கனம் சில பத்து நானோமீட்டரிலிருந்து இருநூறு வரை. ஒரு தலைமயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கனத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது? வோல்ட்டைக் கூட்டினால் போதும். படலம் வளர வளர மின்சாரத்துக்குத் தடையாகிறது. கொடுத்த வோல்ட்டுக்கு ஏற்ற கனம் வந்ததும் ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, நிறமும் அங்கேயே நிற்கிறது. சுமார் 15 வோல்ட்டில் வெண்கலப் பழுப்பு. 20-ஐத் தாண்டும்போது ஊதா. 30-ஐ நெருங்கும்போது ஆழ்ந்த நீலம். அப்புறம் நீலம் வெளிறிக்கொண்டே போய், 55, 60 வாக்கில் மெல்லிய பொன்மஞ்சள். 75-இல் ரோஜா நிறம். 90-இல் நீலப்பச்சை. 100 வாக்கில் பச்சை. இந்த எண்கள் கரைசலையும் உலோகத்தையும் பொறுத்துச் சில வோல்ட் முன்பின் நகரும். வரிசை மட்டும் மாறாது. இந்த வரிசையில் அசல் சிவப்பும் கறுப்பும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? யாராவது செக்கச்சிவந்த டைட்டானியம் தருகிறேன் என்றால், அது வேறு ஏதோ பூச்சு.

கரைசலுக்கு அமிலம் தேவையில்லை. தண்ணீரில் கரைத்த வெண்காரமோ சமையல் சோடாவோ டிரைசோடியம் பாஸ்பேட்டோ போதும். அதனால் இது எளிது என்று ஒரு எண்ணம் வரும். கரைசல் எளிது, மின்சாரம் எளிதில்லை. 100 வோல்ட் நேர்மின்சாரம், அதுவும் ஈரக் கையோடு, உயிரைக் குடிக்கக் கூடியது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் கட்டுப்படுத்தக்கூடிய முறையான மின்வழங்கி, ரப்பர் கையுறை, தொட்டிக்குள் கை வைக்கும் முன் சுவிட்சை அணைக்கும் பழக்கம், இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். முதலில் 30 வோல்ட்டுக்குக் கீழேயே பழகினாலும் பழுப்பு, ஊதா, நீலம் என்று மூன்று நிறம் கையில் இருக்கும். ஒரு வருடத்துக்கு அதுவே போதும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. படலத்தைக் கூட்டத்தான் முடியும், மின்சாரத்தால் குறைக்க முடியாது. 30 வோல்ட்டில் நீலமான துண்டை மறுபடி 15 வோல்ட்டில் வைத்தால் ஒன்றும் நடக்காது, நீலமாகவே இருக்கும். ஒரே பதக்கத்தில் இரண்டு நிறம் வேண்டுமென்றால் இந்தக் குணம் கைகொடுக்கிறது. முதலில் முழுவதையும் உயர்ந்த வோல்ட்டில் நிறமாக்குங்கள். பிறகு சில இடங்களில் மட்டும் அந்தப் படலத்தைச் சுரண்டி வெறும் உலோகத்தை வெளியே கொண்டுவந்து, குறைந்த வோல்ட்டில் மீண்டும் முக்குங்கள். சுரண்டிய இடம் புது நிறம் எடுக்கும். பழைய இடம் அசையாது. நான் இதைத் தலைகீழாகச் செய்து, அழகான பழுப்புக் கோடுகளை எல்லாம் பச்சைக்குள் மூழ்கடித்திருக்கிறேன்.

நியோபியமும் இதே வழியில் நிறம் பெறுகிறது. டைட்டானியத்தைவிட மென்மையானது, கம்பியாக வளைப்பதற்கு இதமானது, நிறமும் பளிச்சென்று வரும். டைட்டானியத்தில் உயர் வோல்ட் நிறங்கள் தெளிவாக வர வேண்டுமென்றால் மேற்பரப்பை அமிலத்தால் அரித்துத் தூய்மையாக்க வேண்டியிருக்கும். அதற்குத் தொழிற்கூடங்கள் எடுப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். தோல் வழியே ஊடுருவி எலும்பு வரை போகும் விஷம் அது; வீட்டுப் பக்கமே வரக் கூடாது. நியோபியத்துக்கு அந்தச் சடங்கு வேண்டியதில்லை. டைட்டானியத்தைத் தீயில் காட்டியும் நிறம் வரவழைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: படலம் ஓரத்தில் மெல்லிதாகவும் நடுவில் தடித்தும் வளர்வதால் மயில் கழுத்துப் போல நிறங்கள் ஒன்றோடொன்று கரையும். நியோபியத்தில் இந்தத் தீ வித்தை பலிக்காது.

நியோபியம் 1801-இல் கண்டுபிடிக்கப்பட்டது. டாண்டலம் என்ற உலோகத்தோடு பிரிக்க முடியாமல் கலந்தே கிடைத்ததால், கிரேக்கப் புராணத்தில் டாண்டலஸின் மகளான நயோபியின் பெயரையே வைத்தார்கள். இன்று அதைக் கையில் வைத்துப் பார்க்க எளிய வழி ஆஸ்திரியாவின் 25 யூரோ நினைவு நாணயம். 2003 முதல் வெளியிடுகிறார்கள். வெளிவளையம் வெள்ளி, நடுவட்டம் நியோபியம். முதல் நாணயத்தில் அந்த நடுவட்டம் நீலம். ஒரு சொட்டுச் சாயம் இல்லாமல்!

ஏன் இந்த உலோகங்கள் மட்டும்? வெள்ளியையும் செம்பையும் இதே தொட்டியில் மாட்டினால் இப்படி நடக்காது. ஒளி ஊடுருவுவதாக, கெட்டியாக ஒட்டிக்கொள்வதாக, மின்சாரத்தைத் தடுப்பதாக ஒரு ஆக்சைடு படலம் அவற்றின் மேல் வளர்வதில்லை. எனவே அவற்றுக்கு நிறம் வேறு வழியில்தான் வர வேண்டும்.

செம்புக்கு இருக்கும் வழிகளில் ஒன்று, கந்தகம். பொட்டாசியம் சல்பைடு கலவையை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் செம்பை முக்கினால் சில நொடிகளில் ஆரஞ்சு, ரோஜா, ஊதா, நீலம் என்று ஓடி, கடைசியில் சாம்பல், கறுப்பில் போய் நிற்கும். விரும்பிய நிறம் வந்த கணத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வீட்டை விட்டுப் போக நேரமாகும். இந்தக் கரைசலோடு எந்த அமிலத்தையும் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு வெளிவரும். இந்த நிறங்களும் மென்படல வித்தைதான். ஆனால் டைட்டானியத்தில் போல உறுதியானதில்லை. காற்றில் தானாகவே கறுத்துக்கொண்டு போகும். மேலே மெழுகு தேய்த்து வைத்தால் கொஞ்சம் தாமதமாகும்.

கைவினைக் கடைகளில் உருளையில் சுற்றி வரும் வண்ணக் கம்பி பெரும்பாலும் செம்பு. மேலே நிறப்பூச்சும் அதன் மேல் நைலான் போன்ற பிசின் காப்பும் இருக்கும். இது உண்மையிலேயே பூச்சு. குறட்டின் பல் பட்டால் உரியும், உரிந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்க்கும். பயிற்சிக்கும் தோல் படாத இடத்துக்கும் சரி, தினமும் போடும் மோதிரத்துக்கு வேண்டாம்.

எனாமல் தனி உலகம், தனிக் கட்டுரை கேட்கும். சுருக்கமாக: அது கண்ணாடி. வண்ணக் கண்ணாடிப் பொடியைச் செம்பிலோ வெள்ளியிலோ தூவி, 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூளையில் ஓரிரு நிமிடம் உருக்குகிறார்கள். வெயிலில் வெளுக்காது, ஆனால் வளைத்தாலோ தரையில் போட்டாலோ சில்லு பெயரும். உலோகமும் கண்ணாடியும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால், மெல்லிய தகடாக இருந்தால் பின்பக்கமும் ஒரு பூச்சுக் கொடுப்பார்கள், இழுப்பு இருபுறமும் சமமாக. சூளை வேண்டாத ‘குளிர் எனாமல்’ என்று விற்பது வெறும் பிசின். பெயரில் மட்டும் எனாமல்.

வளைய வேலை

சரி, கையில் என்ன எடுப்பது? சாயமேற்றிய அலுமினிய வளையங்கள், இரண்டு குறடுகள். தொடங்க இவ்வளவே போதும். பற்றவைக்க நெருப்பு வேண்டாம். வளையத்துக்குள் வளையம் கோத்து மூடுவதே வேலை.

குறடு இரண்டும் தட்டை மூக்கு, உள்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். கருவிப்பெட்டியில் கிடக்கும் பல்வைத்த குறடு ஆக்சைடு படலத்தைக் கடித்துக் குதறிவிடும். அடியில் வெள்ளை வெளேரென்று அலுமினியம் தெரியும். வழவழப்பான குறட்டிலும் முனையில் ஒரு சுற்று நாடா ஒட்டிக்கொள்வது என் வழக்கம்.

வளையத்தைத் திறப்பதில் ஒரே விதி. வாயை அகட்டி இழுக்காதீர்கள். அப்படிச் செய்தால் வட்டம் மறுபடி வட்டமாக வராது. வெட்டுவாய் மேலே இருக்கும்படி இருபக்கமும் குறட்டால் பிடித்து, ஒரு கையை உங்கள் பக்கமும் மற்றதை அப்பாலும் திருப்புங்கள். கதவு திறப்பது போலத் திறக்கும். மூடும்போது இரு முனைகளும் சந்திக்கும் இடத்தை லேசாகத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். உலோகத்துக்குள் இருக்கும் சுருள்வில் குணம் முனைகளை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கும். முனைகள் உரசும் சின்னச் சத்தம் கைக்குக் கேட்கும். ஆம், கைக்குத்தான். சில நூறு வளையங்களுக்குப் பிறகு கண் பார்க்காமலே தெரியும். டைட்டானியத்தில் இந்த வில் குணம் மிக அதிகம், அதனால் முதல் வேலைக்கு அது வேண்டாம்.

அளவு விஷயத்தில்தான் தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு வளையத்துக்கு இரண்டு அளவு: கம்பியின் தடிமன், உள்விட்டம். உள்விட்டத்தைத் தடிமனால் வகுத்தால் வரும் எண், அந்த வளையம் எவ்வளவு தாராளம் என்று சொல்லும். எண் சிறிதானால் பின்னல் இறுகி, விறைத்துப்போகும், அல்லது வளையம் நுழையவே நுழையாது. பெரிதானால் தொளதொளவென்று உருவமே நிற்காது. ஒவ்வொரு வளையமும் பக்கத்து நான்கு வளையங்களைக் கோத்துப் போகும் பழைய கவசப் பின்னலுக்கு 4 வாக்கில் இருந்தால் பழகுபவரின் கைக்கு இதம்.

கம்பித் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்லும் பழக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. கேஜ் என்பதில் அமெரிக்க அளவு ஒன்று, பிரிட்டிஷ் அளவு ஒன்று. அமெரிக்க 18 கேஜ் 1.02 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் 18 கேஜ் 1.22 மில்லிமீட்டர். பாதி கைச்சங்கிலி முடித்த பிறகு வளையம் தீர்ந்துபோய், வேறு இடத்தில் ‘18 கேஜ், 4 மில்லிமீட்டர்’ என்றே கேட்டு வாங்கினேன். முதல் பொட்டலத்தில் விகிதம் 3.9, இரண்டாவதில் 3.3. சங்கிலியின் ஒரு பாதி துணி போலத் துவண்டது, மறுபாதி கட்டை போல நின்றது. இப்போது கேஜ் எண்ணை யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை, மில்லிமீட்டரை மட்டுமே கேட்கிறேன்.

முதல் வேலையாக இரண்டுக்கு இரண்டு சங்கிலி செய்யுங்கள்: இரண்டு வளையம், அதற்குள் இரண்டு வளையம், அதற்குள் இரண்டு. தவறு செய்தால் உடனே கண்ணில் படும், உடனே திருத்தலாம். எத்தனை வளையம் வேண்டும் என்று கணக்குப் போடுவதும் சுலபம். சங்கிலியை இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு சோடியும் நீளத்தில் கூட்டுவது அதன் உள்விட்டத்தை மட்டுமே. கம்பியின் தடிமன் அடுத்த சோடிக்குள் மறைந்துவிடும். 5 மில்லிமீட்டர் உள்விட்டம், 18 சென்டிமீட்டர் சங்கிலி என்றால் 36 சோடி, 72 வளையம். சோடிகள் நெருக்கிக்கொண்டு கொஞ்சம் நீளத்தைத் தின்னும், எனவே பத்துப் பன்னிரண்டு கூடுதலாக எடுத்து வையுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரே பெயர் போட்ட நிறம்கூட ஒவ்வொரு சாயத் தொட்டியிலும் கொஞ்சம் மாறி வரும். ஒரு நகைக்கு வேண்டிய அத்தனை வளையத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. சாயமேற்றிய கம்பியைச் சுருட்டி வெட்டிய வளையங்களில் வெட்டுவாய் வெள்ளையாகவே இருக்கும். ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும்: நிறம் தோலில் மட்டும்தானே. மூடும்போது வாய் நன்றாகப் பொருந்தினால் அது கண்ணுக்குத் தெரியாது. பொருந்தாத ஒவ்வொரு வாயும் ஒரு வெள்ளைப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். நிறம் தங்கியிருக்கும் ஆக்சைடு படலம் கெட்டியானது, கெட்டியானது வளையாது. எனவே வண்ண அலுமினியக் கம்பியைக் கூர்மையாக மடித்தால் மடிப்பில் நுண்விரிசல் விட்டு நிறம் வெளிறும். அகலமான வளைவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கம்பியை நீங்களே வெட்டினால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டுகள் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. டைட்டானியத்தை அரம் போட்டால் வரும் தூள் எளிதில் தீப்பற்றும், குவித்து வைக்காதீர்கள்.

தோலும் கழுவலும்

வண்ண நகையால் தோல் அரிக்கிறது என்றால் பழி பெரும்பாலும் நிக்கலுக்குத்தான் போக வேண்டும். கொக்கியிலும் காதணித் தண்டிலும் அது ஒளிந்திருக்கும். நகையின் உடற்பகுதிக்கு உலோகத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, கொக்கியை மட்டும் கையில் கிடைத்ததை மாட்டுவது பலரும் செய்யும் தவறு. நியோபியமும் தூய டைட்டானியமும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துவருகின்றன. காதுத் தண்டுக்கு நான் நியோபியம் தவிர வேறு எடுப்பதில்லை. செம்பு விரலைப் பச்சையாக்குவது வேறு கதை. வியர்வையின் அமிலம் செம்போடு சேர்ந்து உருவாகும் உப்பு அது. கழுவினால் போய்விடும், கெடுதல் இல்லை.

இனி, தலைகுனிந்து சொல்ல வேண்டிய கதை. என் முதல் அலுமினியக் கைச்சங்கிலியில் ஊதாவும் பச்சையும் மாறி மாறி இருக்கும். ஆறு மாதம் போட்டதில் அழுக்கேறி மங்கியிருந்தது. சலவை சோடாவைச் சூடான நீரில் கரைத்து ஊறப்போட்டேன். மெல்லிய குமிழிகள் எழுந்தன. அழுக்கு வெளியேறுகிறது என்று மகிழ்ந்தேன். வெளியேறியது ஹைட்ரஜன். காரம் முதலில் ஆக்சைடு படலத்தைத் தின்று, பின் அலுமினியத்தையே தின்னத் தொடங்கியிருந்தது. எடுத்துப் பார்த்தபோது ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை. சாக்பீஸ் போன்ற ஒரு வெளிறல். இன்னும் அதைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

எனவே அலுமினியத்துக்கு: வெதுவெதுப்பான நீர், காரம் குறைந்த மென்மையான சோப்பு, மென்துணி. பல்பசை வேண்டாம், அதில் தேய்ப்புத் தூள் இருக்கிறது. வெள்ளிக்கு விற்கும் முக்குக் கரைசல் வேண்டாம். செம்புப் பாத்திரம் துலக்கும் எந்தப் புளிப்பும் வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் தூள் கடுங்காரம், அதன் பக்கமே போகாதீர்கள். குளோரின் போட்ட நீச்சல் குளத்துக்கும் கடலுக்கும் போகும்போது கழற்றி வையுங்கள். அலுமினியமும் செம்பும் சேர்ந்த நகையானால் இன்னும் கவனம்: உப்பு வியர்வை நடுவே வந்ததும் இரண்டும் ஒரு குட்டி மின்கலம் ஆகிவிடும், அதில் அரிபடுவது அலுமினியம். ஈரத்தோடு பெட்டிக்குள் போடாமல் இருந்தாலே பாதி காப்பாற்றியது போல. போடாத நேரத்தில் வெளிச்சம் படாத துணிப்பைக்குள் தனியாக இருக்கட்டும். மற்ற நகைகளோடு சேர்த்துக் குலுக்கினால் மென்மையான உலோகம் பள்ளம் விழும்.

டைட்டானியமும் நியோபியமும் இதையெல்லாம் பெரும்பாலும் சட்டை செய்யாது. கடலோ குளோரினோ வெயிலோ அவற்றை ஒன்றும் செய்வதில்லை. அவற்றின் எதிரிகள் இரண்டு. ஒன்று, தேய்மானம். படலம் தேய்ந்து மெலிந்தால் நிறம் போகும் அல்லது வேறாக மாறும். இதனால் மோதிரத்தின் உள்பக்கமும் விளிம்பும் முதலில் மாறும், காதணி காலகாலத்துக்கும் அப்படியே இருக்கும். மற்றது, விரல் எண்ணெய். நகை மங்கிவிட்டது என்று என்னிடம் திருப்பிக் கொண்டுவரப்படும் டைட்டானியத் துண்டுகளில் பெரும்பாலானவற்றை நான் செய்வதெல்லாம் சோப்பு நீரில் அலசிக் கொடுப்பதுதான். எண்ணெய்ப் படலம் ஆக்சைடின் மேல் உட்கார்ந்து ஒளிக் கணக்கைக் கலைத்திருக்கும், அவ்வளவே.

எனாமலைத் துடைக்க ஈரத்துணி போதும். அதிர்வில் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் ஏற்கெனவே இருக்கும் கீறல் விரிசலாகும். கந்தகத்தில் நிறமாக்கிய செம்பை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மெருகுத்துணி நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? டைட்டானியத்தில் முடியும். கீறல் விழுந்த இடத்தை மணல்தாளால் தேய்த்து, மறுபடி தொட்டியில் மாட்டினால் புது நிறம். அலுமினிய வளையத்தைத் திருத்த முயல்வது வீண். கழற்றி வேறு வளையம் மாட்டுவதுதான் வழி, சங்கிலி வேலையில் அது ஒரு நிமிடக் காரியம். இதற்காகவே ஒவ்வொரு நகைக்கும் மீந்த வளையங்களை இருட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு வளையத்தை மாற்றியபோது, கூட்டத்தில் புதுச்சட்டை போட்டவன் போல அது மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்றவை மெல்ல வெளுத்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் உதிரி வளையங்களைப் பெட்டியில் வைப்பதில்லை. கொக்கிக்குப் பின்னால் வால் போல நாலைந்தைக் கோத்துத் தொங்கவிடுகிறேன். நகையோடு சேர்ந்து அவையும் வெளுக்கும். தேவைப்படும்போது அங்கிருந்தே ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம்.